சான்றிதழ் எங்கள் தோப்பு வரைக்கும் வரட்டும்

இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ் மன்றத்தின் உறுப்பினர்களுக்கும், திட்டத்தை நடத்தும் போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தாருக்கும், தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கடலூரில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். அட்டைப்பெட்டி, லேபிள், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் வந்தால் நோட்டீஸ். கெடிலத்துக்குத் தெற்கே குடும்பத்துக்கு மணற்பாங்கான நிலம் கொஞ்சம் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து அதில் சவுக்குதான். ஆக, காகிதத்தை விலைக்கு வாங்குகிறவனும் நான்தான், காகிதமாகப் போகிற கட்டையை விற்கிறவனும் நான்தான். மரம் ஒழுங்காக வளர்த்து வெட்டப்பட்டது என்று காட்டும் சான்றிதழைப் பற்றி, இரண்டு முனையையும் பார்க்கிறவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் காகித முனை. புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர், பெட்டியின் அடியில் மரமும் டிக்கும் சேர்ந்த அந்த எஃப்எஸ்சி சின்னம் வேண்டும் என்றார். காட்டுக்குச் சான்றிதழ் தரும் ஒரு சர்வதேச அமைப்பின் சின்னம் அது. சின்னம் உள்ள அட்டையை வாங்கி அடித்துக் கொடுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அப்படி முடியாது. ஆலை, மொத்த வியாபாரி, அச்சகம் என்று சரக்கு யார் யார் கைக்குச் சொந்தமாக மாறுகிறதோ அத்தனை பேரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இடையில் ஒருவரிடம் இல்லை என்றால் அங்கேயே சங்கிலி அறுந்தது. கட்டின் மேல் சின்னம் இருந்தாலும் அதற்கு அப்புறம் அது சாதாரண அட்டைதான். சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு தணிக்கை, ஆண்டுக் கட்டணம், அந்த அட்டையைக் குடோனில் தனியாக அடுக்குவது, பில்லில் தனியாக எழுதுவது எல்லாம் உண்டு. 15 பேருக்கு மேல் இல்லாத அச்சகங்கள் குழுவாகச் சேர்ந்து வாங்க வழி இருக்கிறது. ஆனால் சேர்த்துவிட ஒருவர் வேண்டுமே. அந்த ஆர்டர் பெரிய அச்சகம் ஒன்றுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, விதி நியாயமான விதி. சங்கிலியில் ஓட்டை விட்டால் யார் வேண்டுமானாலும் சின்னத்தைப் போட்டுக்கொள்வார்கள்.

என் குடோனில் இப்போதும் சில கட்டுகளின் உறையில் அந்தச் சின்னம் இருக்கிறது. அதன் கீழே ‘மிக்ஸ்’ என்று போட்டிருக்கும். சான்றிதழ் பெற்ற காட்டின் மரம், மறுசுழற்சிக் கூழ், அப்புறம் ‘கட்டுப்படுத்தப்பட்ட மரம்’ என்று சொல்லப்படும் ஒரு வகை, இவை கலந்தது என்று அர்த்தம். மூன்றாவது வகைக்குச் சான்றிதழ் கிடையாது. திருட்டு மரம் இல்லை, மக்கள் உரிமையை மீறி வெட்டியது இல்லை, இயற்கைக் காட்டை அழித்து நட்டது இல்லை என்று பார்த்து அனுமதிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கட்டை அந்தக் கலவைக்குள் எங்கேயாவது இருக்கலாம். இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது, லேபிளுக்கும் தெரியாது.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி கடலோரம் முழுக்கச் சவுக்கு. நாட்டின் மரத் தொழிலுக்குப் போகும் கட்டையில் பெரும்பகுதி வனத்துறையின் காட்டிலிருந்து வருவதில்லை, இப்படிப்பட்ட பட்டா நிலங்களிலிருந்துதான் வருகிறது. இது தானாக நடந்ததும் இல்லை. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மூலப்பொருளை விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையே சொன்னது. 1996 டிசம்பரில், காட்டு மரவெட்டு பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டு மரம் வெட்டுவது இறுகிப்போனது. சுமை தோப்புகளின் தலையில் விழுந்தது. தோப்புகளும் தாங்கிக்கொண்டன. காட்டைக் காப்பாற்றியதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டால் அது பெருமைக்காக மட்டும் இல்லை. கணக்கும் அப்படித்தான் வரும்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ் திட்டத்தை அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதுவரை நமக்கு இருந்த வழி பெரும்பாலும் வெளிநாட்டு அமைப்புகள்தான். 1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கென்று கட்டாய ஒப்பந்தம் ஒன்றுக்கு அரசுகள் ஒத்துவராத நிலையில், 1993-இல் டொராண்டோவில் கூடி எஃப்எஸ்சியைத் தொடங்கினார்கள். அது தங்கள் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஐரோப்பாவின் சிறு காட்டு உரிமையாளர்கள் 1999-இல் பிஇஎஃப்சி என்ற இன்னொன்றை உண்டாக்கினார்கள். அவர்கள் ‘சிறு’ என்று சொல்லும் காடு எங்கள் பக்கம் ஒரு பண்ணையார் நிலம். அது வேறு கதை. அளவு பொருந்தாதவர்கள் எழுந்து தங்களுக்கு ஏற்ற ஒன்றைக் கேட்டார்கள், கிடைத்தது. நாங்களும் அதையே கேட்கிறோம்.

உங்கள் திட்டத்தில் காட்டுக்கு ஒரு தரநிலை, காட்டுக்கு வெளியே உள்ள மரங்களுக்குத் தனியாக ஒரு தரநிலை என்று பிரித்திருக்கிறீர்கள். தனி விவசாயியும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இதில் சேரலாம் என்று அறிவிப்பிலேயே சொன்னீர்கள். காட்டுத் தரநிலையில் 8 அளவுகோல், 69 குறியீடு, 254 சரிபார்ப்பு. ஒரு வனக் கோட்டத்துக்கு அது சரி. அந்த 254-இன் நிழல்கூட ஒன்றரை ஏக்கர் தோப்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்றத்தில் யார் யார் என்று அறிவிப்பில் வந்த பட்டியலைப் பார்த்தேன். ஆராய்ச்சி நிறுவனங்கள், அமைச்சகங்கள், மாநில வனத்துறைகள், வன மேம்பாட்டுக் கழகங்கள், மரத் தொழிற்சாலைகளின் பிரதிநிதிகள். மரம் நடுபவருக்கும் வெட்டுபவருக்கும் தனியாக ஒரு நாற்காலி அதில் இல்லை. மர ஆலைக்கு இடம் உண்டு, மரத்துக்குச் சொந்தக்காரருக்கு இல்லை என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்?

தோப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், போபாலிலிருந்து பார்க்கும்போது இது தெரியாமல் போகலாம். மணலில் பாத்தி கட்டி விதை தூவி நாற்று விடுவார்கள். நாற்றை வேரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி விற்பார்கள். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 கன்று. முதல் வருஷம் ஊடே வேர்க்கடலையோ உளுந்தோ தர்பூசணியோ போட்டுக்கொள்ளலாம், கன்றுக்கு விட்ட தண்ணீரில் அதுவும் விளைந்துவிடும். வேர் முடிச்சில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் உரச் செலவு குறைவு. பட்டை துளைக்கும் புழு, வாடல் நோய் என்று வருவது உண்டு. ஆனால் நெல்லுக்கும் கத்தரிக்கும் அடிக்கிற மருந்தில் ஒரு பங்குகூட இதற்கு யாரும் அடிப்பதில்லை. மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வெட்டு. அடியோடு வெட்டி, வேரையும் தோண்டி, மறுபடி நடவு.

வெட்டிய மரத்தில் எதுவும் வீணாவதில்லை. நேரான கழி சாரம் கட்டவும் பந்தல் போடவும் போகும். பருமனான கட்டை ஆலைக்கு. வேர்க்கட்டை விறகுக்கு. நுனியும் சிம்புமாகச் சேர்ந்த மிலாறு அடுப்புக்கும் சூளைக்கும். வெட்டுகிறவர் கையால் ஒரு பிடி பிடித்துப் பார்த்தே எது எந்தக் குவியலுக்கு என்று எறிந்துகொண்டே போவார், டேப் எல்லாம் கிடையாது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் வெளியிட்ட ஒட்டுவகைக் கன்றுகள் வந்த பிறகு, தண்டு நேராக, சீக்கிரம் பருக்கிறது. அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

இதில் சான்றிதழ்க்காரர் எதைப் பார்க்க வேண்டும்? மண்ணையும் மருந்தையும் பார்க்கட்டும், தண்ணீரையும் பார்க்கட்டும். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாகிவரும் ஊர்களில் வாய்க்கால் நிறையப் பாய்ச்சிச் சவுக்கு வளர்ப்பதைச் சான்றிதழ் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். சொட்டுநீர் போட்டவருக்கு அதற்கான மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. வெட்டியது யார், அவர் கைக்கு என்ன வந்தது?

வெட்டு வேலைக்கு எங்கள் பக்கம் வருகிறவர்களில் நிறையப் பேர் இருளர்கள். குடும்பமாக வருவார்கள். தோப்பின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, வெட்டு முடியும் வரை அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. ஆண் கோடாலியால் அடியில் வெட்டிச் சாய்ப்பார். பெண் கொடுவாளால் சிம்பு கழித்து, ஆலைக்குப் போகிற கட்டைக்குப் பட்டை உரிப்பார். பட்டை பச்சையாக இருக்கும்போதே உரித்தால்தான் வரும், காய்ந்தால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த வேலை இருட்டிய பிறகும் நீளும். உள்ளங்கையில் பட்டைச் சாறு கறுத்துக் கிடக்கும். கூலி டன் கணக்கில். கணக்கு நோட்டு ஒப்பந்தக்காரரிடம். வேலைக்கு முன்பே முன்பணம் கொடுத்திருப்பார், கழித்தது போக எவ்வளவு மிச்சம் என்பது அந்த நோட்டுக்குத்தான் தெரியும்.

எல்லா ஒப்பந்தக்காரரும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. நேர்மையாகக் கணக்கு முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முன்பணம் எந்த இடத்தில் கடனாகி, கடன் எந்த இடத்தில் கட்டிப்போடும் கயிறாகிறது என்பதை வட தமிழ்நாடு நன்றாகவே அறியும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரைக் கொத்தடிமைகளாக இருந்த நிலையில் அதிகாரிகள் மீட்டார்கள். பெரியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்.

எஃப்எஸ்சியின் 10 கோட்பாடுகளில் இரண்டாவதே தொழிலாளர் உரிமைதான். ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தோப்புத் தணிக்கை என்று ஒருவர் வந்தால் மரத்தைச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு முடித்துவிடக் கூடாது. வெட்டு நடக்கிற நாளில் வர வேண்டும். ஒப்பந்தக்காரர் இல்லாத இடத்தில் வெட்டுகிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டும், முன்பண நோட்டைப் பார்க்க வேண்டும், கூலி யார் கையில் போகிறது என்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தனியாகக் கூலி உண்டா, இல்லை புருஷன் கணக்கில் சேர்ந்துவிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். வெட்டு முடிந்து தரை காலியான பிறகு வரும் தணிக்கையாளர் குச்சியை எண்ணிவிட்டுத்தான் போக முடியும்.

அடுத்தது எடைமேடை. தோப்பை விற்க இரண்டு வழி. ஒன்று, மொத்தமாக மதிப்புப் போட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று வியாபாரியிடம் விட்டுவிடுவது. கையில் பணம், தலைவலி இல்லை. ஆனால் மதிப்புப் போடுவதில் வியாபாரியின் கண் நம் கண்ணைவிட எப்போதும் கூர்மை. இன்னொன்று, டன் கணக்கு. இதில்தான் வேடிக்கை. வெட்டிய அன்றே ஏற்றினால் ஒரு எடை. லாரி வரவில்லை, ஆலையில் வரிசை நீளம், மழை என்று நாலு நாள் வெயிலில் கிடந்தால் ஈரம் போய் எடை இறங்கும். இறங்கிய எடை நம் கணக்கில்தான் இறங்கும். எடைமேடையில் லாரி ஏறும்போது நிலத்துக்காரர் பக்கத்தில் இருப்பது அபூர்வம். அங்கே கொடுக்கிற துண்டுச் சீட்டில் வண்டி எண், ஏற்றிய எடை, காலி வண்டி எடை, நிகர எடை, நேரம் எல்லாம் இருக்கும். சின்னச் சீட்டு, மை வேறு சீக்கிரம் மங்கிவிடும். ஆனால் தோப்பிலிருந்து ஆலை வரைக்கும் உள்ள பாதையில் உண்மையைச் சொல்கிற ஒரே காகிதம் அதுதான்.

சங்கிலிச் சான்றிதழ் என்று நீங்கள் சொல்வது அந்தச் சீட்டிலிருந்து தொடங்கட்டும். சர்வே எண்ணோடு, வெட்டிய தேதியோடு, சீட்டின் ஒரு படி நிலத்துக்காரரின் செல்போனுக்கு வர வேண்டும். ஆலை வாசலில் அன்றைய விலை என்ன, பட்டை உரித்ததற்கு எவ்வளவு, உரிக்காததற்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று அதே குறுஞ்செய்தியில் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அச்சகக்காரனாகிய நான் ஒவ்வொரு கட்டு அட்டைக்கும் பில் எண்ணைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கும்போது, கட்டைக்கு முதல் பில்லே சரியாக இல்லாமல் மேலே எத்தனை பில் அடுக்கி என்ன பயன்?

காகிதங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று. எங்களிடம் காகிதம் இல்லை என்று நினைத்து நீங்கள் புதிதாகப் படிவங்கள் அச்சடிக்க வேண்டாம் (அந்த ஆர்டர் எனக்கே வந்தாலும்கூட வேண்டாம்). கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. சிட்டா இருக்கிறது, புல வரைபடம் இருக்கிறது. இந்த நிலம் 15 வருஷமாகச் சவுக்குத் தோப்புதான், காட்டை அழித்து நட்டது இல்லை என்று காட்டப் பழைய அடங்கலைவிட நல்ல சாட்சி ஏது? ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் மரத்துக்கும் காகிதத்துக்கும் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் வந்த மரம் இல்லை என்று காட்டு, நிலம் எங்கே என்று சொல். அந்தச் சட்டத்தின் அமலாக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தள்ளிப்போட்டிருக்கிறார்கள், ஆனால் கேள்வி மாறவில்லை. 4 ஹெக்டேர் வரையிலான நிலத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை ஒரே ஒரு புள்ளி போதும் என்று அதிலேயே இருக்கிறது. 4 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 10 ஏக்கர். எங்கள் தோப்பில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். ஒரு செல்போன் இருந்தால் தோப்பின் நடுவில் நின்றே வேலை முடிந்தது.

சிக்கல் வேறிடத்தில். பட்டா தாத்தா பெயரில், இல்லாவிட்டால் அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டாவில். நடுகிறவர் குத்தகைக்காரர், குத்தகை வாய்ப்பேச்சு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சேரலாம் என்று விதி வைத்தால், வேர்வை சிந்துகிறவர் வெளியே நிற்பார், சென்னையில் உட்கார்ந்திருக்கும் பங்காளிக்குச் சான்றிதழ் போகும். சாகுபடி செய்பவர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கே சான்றிதழ் தரக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மடல் ஒருபக்கச் சாய்வாக இருக்காது. கடலூரைச் சுற்றித் திருமாணிக்குழி மாதிரி இடங்களில் கோயில் காடுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடும் அந்த வகைதான். இந்தக் கடலோரத்தின் உண்மையான காடு அதுதான்: உலர் பசுமைமாறாக் காடு. காசானும் வீரையும் செருந்தியும் நெருங்கி நிற்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் வருஷக்கணக்கில் அங்கே மரம் மரமாக அளந்திருக்கிறார்கள். அந்தக் காடுகளின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சவுக்கு நட்டவருக்கும், ஏரிக்கரையையும் புறம்போக்கையும் வளைத்து நட்டவருக்கும் சான்றிதழ் போகக் கூடாது. அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும் சரி, என் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

மணல்மேடும் அப்படித்தான். சுனாமி வந்த 2004-க்குப் பிறகு எங்கள் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அலையாத்திக் காட்டுக்கும் சவுக்கு வரிசைக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அதில் எழுதியிருந்தார்கள். அதிலிருந்து கடற்கரை என்றாலே சவுக்கு நடு என்றாகிவிட்டது. ஆனால் அலைவாய் வரைக்கும், அடம்பும் ராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் மேட்டிலும் சவுக்கை நெருக்கி நட்டால் அந்தக் கொடிகள் போய்விடும். பங்குனி ஆமை முட்டையிட இடம் இருக்காது. பிச்சாவரத்தில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வாய்க்கால் வெட்டி அலையாத்தியை மீட்டதைப் போல, அந்தந்த இடத்துக்கு உரியதை அங்கே விட்டுவிட வேண்டும். சவுக்கு விற்கிறவனே இதைச் சொல்வதால் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

புயலையும் கணக்கில் எடுங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் ஒரே நாளில் படுத்தது. சாய்ந்த கட்டையை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விற்றாக வேண்டும். விலை என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தது. ஐந்து வருஷ மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுத்து, மூன்றாம் வருஷம் புயல் வந்து முன்கூட்டியே வெட்ட வேண்டியதாகிவிட்டால், ‘திட்டத்தை மீறினார்’ என்று தணிக்கை அறிக்கையில் சிவப்பு மையில் எழுதுவீர்களா? இந்தக் கடற்கரைக்கான விதிமுறையில் புயல் வெட்டு என்று ஒரு பிரிவு இருக்கட்டும். மாவட்ட ஆட்சியர் பாதிப்புப் பகுதி என்று அறிவித்த ஊர்களில் விழுந்த கட்டை, சான்றிதழ்க் கட்டையாகவே போக வேண்டும்.

கடைசியாகக் காசு. வியட்நாமில் குவாங் ட்ரி மாகாணத்தில் அக்கேசியா வளர்க்கும் சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து 2010-இல் எஃப்எஸ்சி வாங்கினார்கள். தொடக்கச் செலவுக்கு டபிள்யூடபிள்யூஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கைகொடுத்தது. மரத்தைக் கூழுக்கு வெட்டாமல் இன்னும் சில வருஷம் விட்டுப் பருக்கவைத்து அறைகலன் ஆலைகளுக்கு விற்றதால் கூடுதல் விலை கிடைத்தது. இதை நம் ஊர்க் கூட்டங்களில் உதாரணம் காட்டும்போது பாதிதான் சொல்கிறார்கள். சவுக்கில் நாற்காலி செய்ய முடியாது. எங்களுக்குப் பருக்கவைத்து விற்கும் வழி இல்லை, கூழும் கழியும்தான். ஆகவே கூடுதல் விலை ஆலை கொடுத்தால்தான் உண்டு. ‘சான்றிதழ் வாங்குங்கள், நல்ல விலை வரும்’ என்று யாரும் பொதுவாகப் பேச வேண்டாம். டன்னுக்கு எத்தனை ரூபாய் கூடுதல், எத்தனை வருஷத்துக்கு என்று ஆலையோடு எழுத்தில் போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம். சான்றிதழ்க் கட்டையால் ஏற்றுமதிச் சந்தை கிடைப்பது ஆலைக்கும் அட்டை வியாபாரிக்கும். தணிக்கைச் செலவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

சான்றிதழ் மேல் எனக்கு மூடநம்பிக்கையும் கிடையாது. தொடக்கத்திலிருந்து எஃப்எஸ்சியோடு இருந்த கிரீன்பீஸ் இன்டர்நேஷனல் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, இயற்கைக் காடுகளை இது காப்பாற்றவில்லை என்று சொல்லி 2018-இல் வெளியேறியது. புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் பருத்திக் கழிவில் தயாராகிறது, கரும்புச் சக்கையிலும் தமிழ்நாட்டில் காகிதம் வருகிறது. மரமே வேண்டாத தாளுக்கு எந்தக் காட்டுச் சின்னமும் தேவைப்படுவதில்லை. ஆனால் சவுக்கு இங்கே நாளையும் வளரும், லாரியும் போகும். போகிற லாரி ஒழுங்காகப் போகட்டும் என்பதுதான் கேட்பது.

இனி நேரடியாகச் சொல்கிறேன். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்றையும் சேர்த்து ஒரே சவுக்குக் குழுவாக ஒரு சோதனை முயற்சி நடத்துங்கள். பாகூர் பக்கம் நிலம் புதுச்சேரியில், வீடு தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் உண்டு, எல்லைக் கோட்டைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தரநிலையைத் தமிழில் கொடுங்கள். பல்கலைக்கழகத் தமிழ் வேண்டாம், நாற்று, மிலாறு, வெட்டுக்கூலி என்று எழுதினால் போதும். குழுவின் கணக்கை ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும், இருளர் அமைப்புகளிலிருந்து ஒருவர் தணிக்கைக் குழுவில் கட்டாயம் இருக்கட்டும். மன்றத்தில் சாகுபடியாளருக்கு ஒன்று, வெட்டுத் தொழிலாளருக்கு ஒன்று என்று இரண்டு இடம் ஒதுக்குங்கள்.

வெட்டு நடக்கும் ஏதாவது ஒரு வாரத்தில் உங்களில் யாராவது நேரில் வர ஒத்துக்கொண்டால், ஊரில் ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. ஆலைத் தரப்பில் கொள்முதல் பார்ப்பவரையும் கூட்டி வாருங்கள். விலை பற்றிய கேள்விகளை நீங்கள் பதில் சொல்ல முடியாமல் அவரிடம் தள்ளிவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஓர் அச்சகக்காரன், சவுக்குக்காரன்